தேடுபெட்டியில் தட்டிய தெருப் பெயர்

சுரங்கக் கம்பெனி நகரியத்தில் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்களிடம் பழைய சாமான் வாங்கி விற்கிறேன். கடை குறிஞ்சிப்பாடி ரோட்டில். படிப்பு எட்டாவது. கம்ப்யூட்டர் படித்தவள் என் நாத்தனார். சாமான்களைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு பக்கம் போட்டாள். எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று நான் சீட்டு ஒட்டியிருந்தேன். பிளாக், தெரு, கதவு எண். அதையும் சேர்த்தே ஏற்றிவிட்டாள்.

பக்கம் நீளம். கீழே வரை யாரும் போகவில்லை. போன் போட்டு, “கட்டில் இருக்குதா?” என்றார்கள்.

“தேடற பெட்டி ஒண்ணு வச்சிடலாம் அண்ணி,” என்றாள். “ஜாவாஸ்கிரிப்ட்ல நாலு வரிதான். கட்டில்னு அடிச்சா கட்டில் மட்டும் நிக்கும். மத்ததெல்லாம் மறைஞ்சிடும்.”

“உங்க அண்ணனையும் மறைக்குமா?”

“அதுக்கு நாலு வரி பத்தாது.”

வைத்தாள். கட்டில் என்று அடித்தேன். கட்டில்கள் நின்றன. சரி.

ஒரு வாரம் போனது. யார் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்தாள்.

“கட்டிலும் இல்ல, பீரோவும் இல்ல அண்ணி. ஊரே பிளாக்கையும் தெருவையும் தட்டிக்கினு இருக்குது.”

அடுத்த வீட்டில் என்ன விற்றார்கள் என்று பார்க்கத்தான். வாங்க ஒருத்தரும் வரவில்லை.

அப்போது ஓர் ஆபீசர் வீட்டம்மா போன் செய்தார். முதல் நடையில் ஒரு கம்மோடு நாற்காலி மட்டும் கொடுத்திருந்தார். தேக்குக் கட்டில், ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் பாக்கி. அந்த மாதம் என் கடை அந்த லோடை நம்பித்தான்.

“ஏம்மா, எங்க தெருவைத் தட்டினா எங்க வீட்டுக் கம்மோடு நாற்காலி வருதாமே? கோயில்ல வச்சு, சாருக்கு உடம்பு முடியலையான்னு கேக்கறாங்க. அது என் மாமியாரோடது!”

“எடுத்துடறேம்மா.”

“எடுக்கற வரைக்கும் ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது.”

நாத்தனாரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து வேலை பார்த்தாள். பெட்டி அதுவரை எல்லா எழுத்தையும் துழாவியதாம். இனிப் பொருளின் பெயரை மட்டும் பார்க்கும்படி மாற்றினாள். முகவரிகளையும் பக்கத்திலிருந்து எடுத்தாள். அந்த அம்மா தன் தெருவை அடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. லாரி கொண்டுவரச் சொன்னார்.

பீரோவைக் கயிறு போட்டுக் கட்டும்போது பக்கத்தில் வந்தார்.

“எதிர் வீட்டுக்காரங்களும் உன்கிட்டதான் போட்டாங்களாமே. என்னென்ன?”

“பேஜ்ல அதெல்லாம் எடுத்துட்டோம்மா.”

“தெரியும். தட்டிப் பார்த்தேன், வரல. அதான் கேக்கறேன்.”

“கயித்தை அந்தப் பக்கம் பிடிங்கம்மா.”

கயிற்றைப் பிடித்தார். பேச்சை விடவில்லை.

“டிவி பெருசா, சின்னதா?”