ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் அப்பா எடுத்த பிடிமண்

ஆதிமனிதர்களின் எலும்புகள் கிடைத்த ஓல்டுவாய்க்கு எப்படிப் போவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போனது 1997 ஜூலையில். அப்போது தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்து மில்லில் வேலை படித்தவன் என்றால் அங்கே நல்ல மரியாதை. சாலைகள் இப்போது மாறியிருக்கும். நான் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு.

போனதற்குக் காரணம் அப்பா. தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம். ஆனால் அப்பாவுக்கும் மம்சாபுரத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துச் சண்டை இல்லை, சாமிச் சண்டை. எங்கள் குலசாமிக்குத் தேவதானத்தில் ஒரு கோயில், மம்சாபுரத்தில் ஒரு கோயில். ஊர் மாறிப் போகிறவர்கள் மூலக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் அதை வைத்துக் கோயில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பிடிமண் எங்கிருந்து எங்கே போனது என்பதுதான் தகராறு. தேவதானம்தான் மூலம் என்பார் அப்பா. மம்சாபுரம்தான் என்பார் பெரியப்பா. அண்ணன் ஒத்துக்கொள்கிற வரை பத்திரிகை வைக்கப் போகமாட்டேன் என்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றார். பெரியப்பா இல்லாமல் யார் முகூர்த்தக்கால் நடுவது? தங்கை போனில் அழுதாள். கொஞ்ச நாள் வெளியே இருந்தால் மனசு இளகும் என்று நினைத்து, அப்பாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினேன்.

பம்பாயிலிருந்து நைரோபிக்கு விமானம். அங்கிருந்து அருஷாவுக்குப் பஸ், சுமார் 270 கிலோமீட்டர். எல்லையில் அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பாதிக்குமேல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ருசி பார்த்த அதிகாரி சிரித்துக்கொண்டே மூடிவிட்டார். அப்பா சண்டையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது அவருக்குத் தெரியாது. அருஷா வந்து சேர்ந்த பிறகும் அப்பா மூலக் கோயில் கதையைத்தான் பேசினார்.

மறுவாரம் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஜீப்பில் கிளம்பினோம். டிரைவர் ஜோசப் பொறுமைசாலி. அப்பாவை 'பாபா' என்றுதான் கூப்பிடுவார். மக்குயுனி வரை தார் ரோடு, அதற்கு அப்புறம் புழுதி. ங்கோரோங்கோரோ மலை விளிம்பில் ஜூலையிலும் மார்கழிக் குளிர். ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆனது.

ஓல்டுவாயில் பள்ளத்தாக்கின் ஓரமாகச் சின்னதாய் ஒரு அருங்காட்சியகம். மனிதனுக்கு முந்தின இனம் முப்பத்தாறு லட்சம் வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் நடந்துபோன காலடித் தடத்தின் அச்சு அங்கே இருந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிய மசாய் வழிகாட்டியைக் கைகாட்டினார்.

"அப்ப இதான் மூலமா? எல்லாருக்கும் பிடிமண் இங்கருந்துதான் போச்சான்னு கேளு."

பிடிமண்ணை இங்கிலீஷில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. மனிதன் தோன்றிய மூலம் எங்கள் ஊர்தான் என்று எத்தியோப்பியாவில் சொல்கிறார்கள், கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படியே சொல்கிறார்கள், எங்களுக்கு இதுதான், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். அப்படியானால் அந்த நாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளமாட்டார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். வழிகாட்டி சிரித்தார். கடுமையாக வாதாடுவார்கள், ஆனாலும் இங்கே வருவார்கள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்றார்.

பள்ளத்தில் இறங்கியதும் அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்தார். தேவதானத்துக்கும் மம்சாபுரத்துக்கும் மூத்த மண் இது, அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன் என்றார். வழிகாட்டி தன்மையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கிருந்து ஒரு கல்கூட வெளியே போகக் கூடாதாம். என்றைக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர், மறுபேச்சில்லாமல் முடிச்சை அவிழ்த்து மண்ணை எடுத்த இடத்திலேயே உதறினார்.

திரும்பும் வழியில், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"ஏலே, மொதப் பத்திரிகை அண்ணனுக்குத்தான்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. கம்பளியும் குடிதண்ணீரும் கட்டாயம். தான்சானியாவிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். வழிகாட்டியிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே நன்றிக்கடன் பட்டிருக்கிறது. என்ன காரியம் செய்தார் என்பது அவருக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு லீவு போட்டு அப்பாவோடு நானும் ஊருக்கு வந்தேன். இறங்கிய மறுநாளே ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து மம்சாபுரம் போனோம். அப்பா பத்திரிகைத் தாம்பாளத்தைக் கட்டில் மேல் வைத்தார். பெரியப்பா அதைத் தொடவில்லை.

"மூலம் எதுன்னு முடிவு பண்ணிட்டியோ?"

"ஆப்பிரிக்காவுலயே இன்னும் முடிவாகலண்ணே. நீ வந்து முகூர்த்தக்கால நடு, பொறவு பேசுவோம்."

பெரியப்பா தலையைக் குனிந்து பத்திரிகையைப் பிரித்தார். அவர் படித்த மாதிரி தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. அப்பாவைப் பார்க்காமலே பெரியம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, தம்பி வந்திருக்கான். எலையப் போடு."