நீலக் கயிறு மூட்டைகள்

ஆம்பூரில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் காலையில் வெந்நீர் கிடைக்கும். பின்பக்கத்து பாய்லரில் விறகு எரிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். குளிர் தொடங்கியதும் கரும்புகை எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. ரப்பர் கருகும் நெடி. என் அறைத்தோழிக்கு வீசிங் உண்டு. குளித்துக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.

பொறுக்காமல் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பாய்லர் அருகே மூட்டை மூட்டையாக சோல் ஷீட் துண்டுகள். ஷூவின் அடிப்பாகம் வெட்டியபின் மிஞ்சுபவை. மூட்டைகளின் வாயில் நீலக் கயிறு.

அந்தக் கயிற்றை ஆரம்பித்ததே நான்தான். ஷூ கம்பெனியில் கழிவுப் பொறுப்பு எனக்கு. தோல் துண்டுக்கு வெள்ளை, சோல் ஷீட்டுக்கு நீலம், அட்டைக்குச் சிவப்பு. பிரித்துக் கட்டினால் மறுசுழற்சிக்குப் போகும் என்று கட்டிங் பிரிவில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் பழக்கியிருந்தேன்.

வார்டன் அக்கா சந்தோஷமாகச் சொன்னார்: "முன்னல்லாம் தோலு கலந்து வரும்மா. ஒரே நாத்தம், பாதி எரியாது. இப்ப எந்தப் புண்ணியவானோ தனியா கட்டி அனுப்பறான். நின்னு எரியுது."

"அக்கா, இது விறகு இல்ல, பெட்ரோலியத்துல செஞ்சது. இந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது."

"அப்ப வெந்நீருக்கு நான் இன்னா பண்றது? ஓனரைக் கேளு."

ஓனர் போனை எடுக்கவில்லை. எங்களிடம் கழிவு எடுக்கும் கான்ட்ராக்டர் மறைக்கக்கூட இல்லை. "லாட்ஜ், கல்யாண மண்டபம், ஹாஸ்டல், எல்லா இடத்துக்கும் போவுது மேடம். மறுசுழற்சிக்கு யார் கேக்கறாங்க? நீங்க பிரிச்சுக் குடுக்கறதால எங்களுக்கு பேஜார் கம்மி."

நான் விடாமல் நச்சரித்ததில் வார்டன் அக்கா பாய்லரை நிறுத்தினார். மறுநாள் குளியலறை வரிசையே என்மேல் பாய்ந்தது. "உன் தோஸ்துக்காக நாங்க எல்லாம் பச்சத் தண்ணில நடுங்கணுமா?" என்றாள் எதிர் அறைப் பெண். அறைத்தோழி பின்னாலேயே பக்கெட்டோடு நின்றிருந்தாள்.

அன்று மாலையே துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். "குடியாத்தத்துல இருந்தே பஸ்ல வந்துட்டுப் போறேன்டி. வீட்ல தறி சத்தம்தான். மூச்சாவது விடலாம்."

"போக வேண்டியது நீ இல்லடி."

"பின்ன யாரு, பாய்லரா?" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

அவள் கட்டில் காலியான மறுநாள் காலை பாய்லர் மீண்டும் எரிந்தது. வார்டன் அக்கா முதலில் என் கதவைத்தான் தட்டினார், வெந்நீர் ரெடி என்று. நான் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். அதனால் புகை ஒன்றும் குறைந்துவிடவில்லை.