புரோக்கர் குடிவைத்த கோழிக்குஞ்சுகள்

"பாருங்கம்மா, சின்னக் குடும்பம். சத்தம் போடாது, சுவத்துல ஆணி அடிக்காது. நீங்கதான் கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்."

வீட்டுப் புரோக்கர் இதைச் சொல்வது ஒரு கோழியிடம். கொல்லையில் கத்தரிச் செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரவெல்லாம் வீட்டு முன்னறையில் இருந்துவிட்டுக் காலையில் கொஞ்ச நேரம் கம்பிக்கூண்டுக்கு வரும் ஆறு குஞ்சுகளைத் தினமும் இப்படித்தான் அறிமுகம் செய்து வைக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பது, கொல்லைக் கோழிகளுக்கெல்லாம் மூத்த சிவப்புப் பெட்டை. அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் வீட்டுக்காரம்மா. அதுவும் பெயருக்கேற்றபடி தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் குஞ்சுகளை மேலும் கீழும் அளக்கும். பிறகு பதில் சொல்லாமல் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்விடும்.

புரோக்கர் ஆள் மெலிவு, சட்டை மட்டும் தேய்த்த மடிப்போடு விறைத்து நிற்கும். அவர் வாயில் சாக்கடை ஓரத்து வீடு 'தண்ணி வசதி' ஆகிவிடும். ஜன்னலே இல்லாத அறையை, "திருட்டுப் பயமே இல்லைங்க" என்று தள்ளிவிட்ட மனிதர். ஊருக்கே காது குத்துகிறவருக்குச் சந்தையில் கோழிக்காரன் காது குத்தினான். "எல்லாமே பெட்டைங்க சார்" என்றானாம். இரண்டுக்கு இப்போதே கொண்டை சிவக்கிறது. "அதுங்க கொஞ்சம் கம்பீரமான பெட்டைங்க" என்கிறார் அசராமல்.

தொழில்புத்தி சில சமயம் காலை வாரிவிடும். பார்ட்டி மனசு மாறுவதற்குள் சாவியைக் கையில் திணித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. கூண்டு வைத்த மறுநாளே கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரம்மா ஒரே பாய்ச்சல். சாம்பல் குஞ்சின் மண்டையில் ரத்தம். துரத்திய கோழிகள் தக்காளி நாற்றுகளைத் துவம்சம் செய்தன.

"இறக்கை முளைச்சு கொஞ்சம் பெருசாகட்டும்னு சொன்னேனா இல்லையா?" என்றார் மனைவி, குஞ்சின் தலையில் மருந்து தடவிக்கொண்டே.

"கொஞ்ச நாள் பொறு. பழகிடும்."

"அதுவரைக்கும் முன்ரூம்ல பல்பு போட்டு ராஜ உபசாரமா? ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஆள் பிடிக்கிறீங்க, நம்ம ரூம் மட்டும் காலியாக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை நானே ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். அன்னிக்கு இதுங்க கொல்லைக்குப் போயாகணும். கோழி கொத்துனா, அது இதுங்க தலையெழுத்து."

ஞாயிறன்று வந்தவர் புரோக்கர்கள் கனவில் மட்டும் வரும் ரகம்: தனி ஆள், நிரந்தர வேலை, பேரம் பேசாத வாய். முன்னறை வாசலில் நின்றபடியே, "நல்லா இருக்குங்க. இன்னிக்கே வந்துடட்டுமா?" என்றார். உள்ளே மூலையில் அட்டைப்பெட்டி. பல்பு வெளிச்சத்தில் ஆறு தலைகள், ஒன்றில் மருந்துக் கறை.

புரோக்கர் பெட்டிக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"பார்க்கத்தான் அப்படிங்க. மத்தியானம் அடுப்பு மாதிரி வேகும். மழை பேஞ்சா அந்த மூலை ஒழுகும்."

"தனி ஆள்தானே, சமாளிச்சுக்கறேன்."

"தண்ணி வந்தா வரும். எலி வேற."

"பூனை வளர்த்துக்கலாங்க."

பூனை என்றதும் புரோக்கர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தி, வந்தவர் காதோரம் சாய்ந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். இந்த வீட்டு ஓனர் சரியில்லைங்க. வாயைத் திறந்தா பொய்."

"ஐயையோ! யாருங்க ஓனர்?"

"நான்தான்."

அடுத்த கணம் வந்தவரின் செருப்புச் சத்தம்தான் தெருவில் கேட்டது. சமையலறை வாசலில் மனைவி, கையில் கரண்டியோடு நின்றார்.

புரோக்கர் அவர் பக்கம் திரும்பவில்லை. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கண்மூடத் தொடங்கியிருந்தன. அவர் முன்னறைக் கதவை மெல்லச் சாத்தி, தாழ்ப்பாள் 'டக்'கென்று விழாதபடி அதைக் கட்டைவிரலால் தாங்கித் தாங்கி இறக்கினார்.