சொல்தா வீட்டுக் கம்ப்யூட்டர்

கூடத்தின் நடுவே, பூப்பின்னல் துணி போர்த்தி, மேலே மாதா சிலையும் வைத்து, அந்த டிவியை ஒரு பீடமாகவே ஆக்கியிருந்தார் அந்த வீட்டுப் பெரியவர். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த கலர் டிவி. எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய டிவி யாரிடமும் கிடையாது. அவ்வளவு உதவாத டிவியும் கிடையாது. அந்த நாட்டு ஒளிபரப்புக்கென்று செய்த பெட்டி அது. நம் நிலையத்தைப் பிடித்தால் கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, செய்தி வாசிக்கும் அம்மா பேய் மாதிரித் தெரிவார். சத்தமும் வராது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் பலர் வீட்டில் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ஆசை ஆசையாகத் தூக்கி வருவார்கள், மறுநாளே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் கடைக்கு வருவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரரைத் தெருவே சொல்தா என்றுதான் சொல்லும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். நேரில் கூப்பிட்டால் முசே. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார். மற்ற நாட்களில் லுங்கிதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. எதற்கெடுத்தாலும் அதிகாரம் செய்வார். எனக்கு அவர்மேல் பாதி எரிச்சல், பாதி பிரியம்.

ஒருநாள் காலையில் வந்து, "தம்பி, கம்ப்யூட்டர் செய்வியா?" என்று கேட்டார், ஏதோ மசால் வடை செய்வியா என்பதுபோல.

பேரனுக்காம். மகன் பாரீஸ் பக்கம், மருமகள் பிரெஞ்சுக்காரி. போன வருட விடுமுறைக்குப் பையனை இவரிடம் முழுதாக விட்டுப் போக ஏற்பாடு. பையன் பாதியிலேயே அழுது அடம்பிடித்துத் திரும்பிவிட்டான். வெயில், கொசு, தமிழ் தெரியாது, தாத்தாவின் பட்டாளத்துப் பிரெஞ்சைக் கேட்டால் சிரிப்பு. அதற்கெல்லாம் மேலாக, அவன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, இங்கே இல்லை. இந்த வருடமும் அப்படியே ஆனால் இனி அனுப்ப மாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பள்ளியில் கொடுக்கும் விடுமுறைக் கணக்குகளையும் அவன் இங்கே போட்டாக வேண்டுமாம்.

"அங்கேருந்தே எடுத்தாரச் சொல்லலாமே முசே?"

"அங்க இருக்கறத இங்க எடுத்தாந்தா அது அவன் வூட்டுச் சாமான். இங்கயே ஒண்ணு இருந்தாத்தான் இதுவும் அவன் வூடு."

சென்னைக்குப் பஸ் ஏறி, ரிச்சி தெருவில் அலைந்து, சிப்புகளும் அவற்றைப் பொருத்தும் அட்டையும் விசைகளும் வாங்கி வந்தேன். சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பற்றவைத்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது. அறிவு இருந்ததா என்பது வேறு விஷயம். செலவைக் குறைக்க, செத்துப்போன வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன். ஆட்டங்களைச் சேமித்து ஏற்றுவதற்குப் பாட்டு கேட்கும் கேசட் ரெக்கார்டர். திரைக்கு அந்த உதவாத டிவி. அதன் முதுகில் ஓர் அகலமான சாக்கெட் இருந்தது. அதில் நேராக இணைத்தால் ஒளிபரப்புத் தகராறே இல்லை. திரையில் பளிச்சென்று நிறங்கள் வந்ததும் சொல்தா மாதா சிலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அதோடு விட்டாரா? பட்டாளத்து ஆபீசில் டைப் அடித்த கை. விசைகள் இங்கிலீஷ் வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிடப் போன நேரத்தில் எல்லா மூடிகளையும் ஸ்பூனால் நெம்பி எடுத்து, பிரெஞ்சு வரிசையில் மாட்டிவைத்திருந்தார். மூடி மாறினால் அடியில் இருக்கும் கம்பி மாறுமா? அவர் ஒன்றை அடிக்க, திரையில் வேறொன்று வந்தது.

"உன் மெஷினுக்குப் பிரெஞ்சு வரலியே தம்பி!"

தலையில் அடித்துக்கொண்டு, கம்பிகளையும் அவர் வரிசைக்கே மாற்றிக் கொடுத்தேன்.

பையன் வந்தான். சென்னையில் வாங்கிய ஆட்டக் கேசட் ஏறும்போது கீச்சிட்டுக் கத்தியதைக் கேட்டு, பூனை மாட்டிக்கிச்சா என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. ஆட்டம் திரையில் வந்ததும் பையன் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. கரண்டு போனால் மட்டும் முனகுவான். வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஏற்றுவான். ஊருக்குப் போகவேண்டும் என்ற பேச்சே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

ஆனால் சொல்தா கடைக்கு வந்தபோது முகம் சரியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இருக்கான் தம்பி. நல்லாத்தான் இருக்கான். நான் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். அவன் முதுகைத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கெட்டிக்காரத்தனமும் அவருடையதும் சேர்ந்து அந்தக் கிழவரை நாற்காலியோடு பின்னால் தள்ளிவிட்டிருந்தது.

இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் ஒன்றை நானே எழுதி ஏற்றினேன். இரண்டு பக்கமும் மட்டை, நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். இன்னொரு விசைப்பலகைக்கு வழியில்லை. ஆகவே இடது ஓர விசைகள் தாத்தாவுக்கு, வலது ஓரம் பேரனுக்கு. ஒரே பெட்டியின் முன்னால் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பையனுக்கு முதலில் பிடிக்கவில்லை. தாத்தா பந்தைத் தவறவிட்டுப் பட்டாளத்து வசவு ஒன்றை உதிர்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று கத்தியதைக் கேட்டுக் கேட்டு, "தாத்தா, தோத்துட்டே!" என்று சொல்லப் பழகினான். அவன் வாயில் வந்த முதல் தமிழ் அதுதான். மீன் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்தா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மானம் போனதை ஒருவர் அப்படித் தண்டோரா போட்டு நான் பார்த்ததில்லை.

விடுமுறை முடியும்வரை இருந்துவிட்டுத்தான் பையன் போனான். இப்போது என் மகன் நடத்தும் கடையில், படிக்கவும் கொஞ்சம் விளையாடவும் ஒரு கம்ப்யூட்டர் என்று கேட்டு வருகிறார்கள். ஆளுக்கு ஒன்று வாங்குகிறார்கள், ஆளுக்கு ஓர் அறை. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று போதுமே என்று சொல்ல வாயெடுத்து, வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் பையன் விமானம் ஏறிய மறுவாரம் சொல்தா கடைக்கு வந்தார். அழுது தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"சாயங்காலம் வூட்டுக்கு வா தம்பி. என்கூட அந்தப் பந்தாட்டம் ஆடு. கத்துக்கணும்."

"அடுத்த வருஷம் பேரனை ஜெயிக்கறதுக்கா முசே?"

"சேச்சே, ஜெயிக்க எதுக்கு? நான் சீக்கிரம் தோத்துடறேன். ஆட்டம் முடிஞ்சிடுது, அவன் எழுந்து போயிடறான். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சித் தோக்கணும்."