நாலாம் கல்லாவிலிருந்து ஒரு நிமிடம்

டெல்மி ஆர்கெத்தாவைப் பற்றி எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஒரே ஒரு முறை செய்தி வந்தது. அதுவும் தப்பாக வந்தது. நகர மன்றக் கூட்டத்தில் மளிகைக்கடைப் பெண் ஒருத்தி மௌனத்தாலேயே போராடி உறுப்பினர்களை உருக வைத்தாள் என்று எழுதியிருந்தார்கள். போராட்டமும் இல்லை, உருக்கமும் இல்லை. நான் பக்கத்திலேயே இருந்தவன். அதைச் சரி செய்யத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டியது. நான் ராமிரோ, கடையில் காய்கறிப் பகுதி. டெல்மி நாலாம் கல்லா. எல் சால்வடோரில் சண்டை நடந்த காலத்தில் கைக்குழந்தையோடு தப்பி வந்தவர். முதலில் வீடு வீடாகப் பெருக்கித் துடைத்தார், பிறகு ஓட்டலில் படுக்கை விரித்தார், பிறகு எங்கள் கடைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் அதே கல்லாவில் நின்றார். கைக்குழந்தை வளர்ந்து ஹூஸ்டனில் லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். டெல்மி அதிகம் பேச மாட்டார். பேசினால் குத்தலாகப் பேசுவார். என் தக்காளியைப் பார்த்து, "இதுக்கு என் வயசு இருக்கும் போலிருக்கே ராமிரோ" என்பார். வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லாரும் டோன்யா டெல்மி என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் கடையில் பில் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "தேடினதெல்லாம் கிடைச்சுதா?" கேட்கிறோமா என்று வேவு பார்க்க, சாமான் வாங்குகிறவர் வேஷத்தில் தலைமை அலுவலகமே ஆள் அனுப்பும். கேட்காமல் விட்டால் மேனேஜர் அறையில் அர்ச்சனை. அதனால் கேள்வி வாயில் ஊறிப்போய்விடும். டெல்மி ஒரு தடவை பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்கப் போய், மண்டியிட்டதும் அதைத்தான் கேட்டாராம். அவரே சொல்லிச் சிரித்தது.

அநேகமாக எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். யாராவது இல்லை என்றால், கல்லா ஓரத்தில் தொங்கும் போனை எடுத்துக் கூப்பிட வேண்டும். குரல் கடை முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். டெல்மி கூப்பிட்டது எப்போதும் ஒரே ஆளைத்தான். "நோர்பெர்த்தோ, நாலாம் கல்லாவுக்கு வாங்க."

நோர்பெர்த்தோ கிந்தானா நாலாம் கல்லாவில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்பவர். மீன் டின் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி கிராசியெலாவோடு சண்டை வருகிறது என்று வேலைக்கு வந்தவர். குளிர்ந்ததெல்லாம் ஒரு பை, முட்டை எப்போதும் மேலே. யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாக அடுக்குவார். டெல்மி கூப்பிட்டதும் மட்டும் ஓடுவார். அந்த வயதில் ஓட வேண்டாம் என்று டெல்மி திட்டுவார். அவர் கேட்டதில்லை. இருவருக்கும் இடையில் வேறு ஒன்றும் இல்லை, ஊர் வாய்க்கு வேலை வைக்க வேண்டாம். பத்து வருஷம் ஒரு கை தூரத்தில் நின்று வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொரோனா வந்தபோது ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. எங்களை மட்டும் அத்தியாவசியம் என்றார்கள். கடை வாசலில் பேனர் கட்டினார்கள், இங்கே வீரர்கள் பணிபுரிகிறார்கள் என்று. இரண்டு மாதம் மணிக்கு இரண்டு டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெயில் காலம் வந்ததும் அதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு துண்டு பீட்சா கொடுத்தார்கள். பேனரை மட்டும் கழற்றவில்லை, அதற்குச் சம்பளம் தர வேண்டியதில்லையே.

நவம்பர் கடைசியில், நன்றி சொல்லும் பண்டிகை வாரத்தில் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அடுத்த வாரம் நோர்பெர்த்தோ வரவில்லை. கடை ஊழியர் ஒருவருக்குத் தொற்று என்று பேர் போடாமல் ஓய்வறைச் சுவரில் ஒட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் செத்துப்போனார். அதற்கு ஒன்றும் ஒட்டவில்லை. மேனேஜர் டாலிடம் போய்க் கேட்டேன். ஊழியரின் சொந்த விஷயம், பேரைச் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றார். டால் கெட்டவர் இல்லை. பயந்தவர். எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடக்கத்தை எல்லாரும் போனில்தான் பார்த்தோம். டெல்மி மறுநாள் வேலைக்கு வந்தார், நின்றார், பில் போட்டார். கொக்கியில் தொங்கிய நோர்பெர்த்தோவின் ஏப்ரனை யாரோ எடுத்துப் போன அன்றும் தன் ஏப்ரனைப் பக்கத்துக் கொக்கியில்தான் மாட்டினார். ஒரு நாள் ஓய்வறையில் உப்பு பிஸ்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். டோன்யா, வீட்டில் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வாருங்கள் என்றேன்.

"அழுகை வரல ராமிரோ. பசியும் வரல. அலாரம் அடிக்குது, வர்றேன்."

இன்னொன்றையும் நான் கவனித்தேன். அதற்குப் பிறகு டெல்மி கல்லா ஓரத்துப் போனைத் தொடவே இல்லை. யாராவது ஏதோ கிடைக்கவில்லை என்றால், மன்னிச்சுக்கோங்க, சரக்கு வரல என்று சொல்லிவிடுவார். சரக்கு அலமாரியில் அடுக்கி இருக்கும். அப்படியும் சொல்வார்.

ஜனவரியில் கிராசியெலா டெல்மிக்கு போன் பண்ணினாராம். தொற்று எங்கே வந்தது என்று சொல்வதற்கில்லை, வீட்டிலும் வந்திருக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கொரோனா வந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே அடி வைக்காத கிராசியெலாவுக்கு அது பொறுக்கவில்லை. காசு வேண்டாம், அவர் அங்கே வேலை பார்த்தார், அங்கேதான் வந்தது என்று யாராவது ஒரு தடவை வாய் விட்டுச் சொன்னால் போதும் என்று அழுதிருக்கிறார். டெல்மி, "நான் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

சொல்ல இடம் தானாக வந்தது. மளிகைக்கடைத் தொழிலாளர்களுக்கு நாலு மாதத்துக்கு மணிக்கு நாலு டாலர் ஆபத்துப் படி கொடுக்க வேண்டும் என்று நகர மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பொதுமக்களும் போனில் கூப்பிட்டுப் பேசலாம் என்றார்கள். எங்கள் தொழிற்சங்கத்தில் எல்லாரையும் பேசச் சொன்னார்கள். டெல்மி நாலே வாக்கியம் தயார் பண்ணி என்னிடம் சொல்லிக் காட்டினார். அதில் படி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காதே டோன்யா என்றேன்.

"நாலு டாலரை நீங்க எல்லாரும் கேளுங்க. எனக்கு ஒரு நிமிஷம் போதும்."

கூட்டம் செவ்வாய்க்கிழமை பிற்பகல். டெல்மி தன் ஓய்வு நேரத்தில் பேசிவிடலாம் என்று நினைத்தார். நகர மன்றத்துக்கு நம் ஓய்வு நேரம் ஏது? முதலில் கடற்கரைச் சாலை மரங்களை வெட்டுவதா, கிளையை மட்டும் கழிப்பதா என்று வாதாடித் தீர்த்தார்கள். பிறகுதான் எங்கள் விஷயம். லிண்ட்குவிஸ்ட் என்ற உறுப்பினர், மளிகைக்கு மட்டும் ஏன், துறைமுக லாரிக்காரன் என்ன பாவம் செய்தான், கடைசியில் பால் விலைதான் ஏறும் என்றார். தவாரெஸ் என்ற உறுப்பினர் அம்மா எங்களை வீரர்கள் என்று அழைத்து, அதை நிறுத்தவே இல்லை. கடைகள் சங்கத்து வக்கீல் லாப விகிதம் பற்றிப் பேசினார். ஒருத்தர் வாயிலிருந்தும் செத்தவர் என்ற சொல் வரவில்லை.

டெல்மியின் ஓய்வு முடிந்துவிட்டது. கல்லாவுக்குத் திரும்பாவிட்டால் சம்பளம் வெட்டு. இணைப்பைத் துண்டித்தால் வரிசை போய்விடும். அதனால் போனை ஏப்ரன் பையில் போட்டு, முகக்கவசப் பட்டைக்குள் காதில் இயர்போன் ஒயரைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நானும் வெங்காயம் அடுக்கிக்கொண்டே என் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று டெல்மியின் நம்பரின் கடைசி இலக்கங்களைச் சொல்லி, ஒரு நிமிடம் தருகிறோம், பேசலாம் என்றார்கள். அதே நேரத்தில் கல்லாவில் ஒரு பெண் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். டெல்மி வாயைத் திறந்தார்.

"வணக்கம். தேடினதெல்லாம் கிடைச்சுதா?"

"ம், கிடைச்சுது" என்றாள் அந்தப் பெண்.

டெல்மியின் கை வாழைப்பழத்தை எடுத்து எடை போட்டது. பிறகு பால். பிறகு ரொட்டி. மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு பீப், பீப் என்று மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். டோன்யா, பேசுங்கள், உங்கள் முறை என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முட்டை அட்டையைத் தள்ளினார், பீப். மணி அடித்தது. நேரம் முடிந்தது, நன்றி, அடுத்தவர் என்றார்கள்.

தவாரெஸ் அம்மா தழுதழுத்த குரலில், இதைவிட வலிமையான சாட்சியம் உண்டா என்றார். பத்திரிகைக்காரனுக்கு அது போதுமே.

தீர்மானம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. நாங்கள் ஓய்வறையில் கை தட்டினோம். டெல்மி கொக்கியில் ஏப்ரனை மாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். கிராசியெலாவும் அன்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் கூப்பிட்டபோதெல்லாம் டெல்மி எடுக்கவில்லை. என்ன சொல்ல, பில் போட்டுக்கொண்டிருந்தேன் என்றா?

இரண்டு மூன்று வாரத்தில் கம்பெனி அறிவித்தது, எங்கள் கடை ரொம்ப நாளாகவே சரியாக ஓடவில்லையாம், ஏப்ரலில் மூடுகிறார்களாம். மாதக் கணக்கில் நிற்க இடமில்லாமல் ஓடிய கடை அது. தினமும் வருகிற கிழவர் ஒருவர் டெல்மியிடம், நாலு டாலருக்கு ஆசைப்பட்டு எங்களுக்குக் கடையே இல்லாமல் பண்ணிவிட்டீர்களே என்றார். டெல்மி அவருக்கு ரசீதைக் கொடுத்து, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றார். வேறு கிளைக்கு மாற்றல் வேண்டுமா என்று டால் கேட்டபோது அடுத்தவர் சாமானை எடுத்துப் பில் போட்டார்.

கடைசி நாள் சனிக்கிழமை. எல்லாம் பாதி விலை. அலமாரிகள் முக்கால்வாசி காலி. நடுப்பகலில் கிராசியெலா வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலாம் கல்லா வரிசையில் வந்து நின்றார். கணவர் போன பிறகு கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. டெல்மிக்கு அவரைத் தெரியவில்லையா, தெரிந்தும் பார்க்கவில்லையா, எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. முறை வந்ததும் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"தேடினதெல்லாம் கிடைச்சுதா?"

"இல்லம்மா" என்றார் கிராசியெலா. "காப்பிக்குப் போட பட்டை தேடினேன். இல்ல."

டெல்மியின் கை தானாகப் போய்க் கல்லா ஓரத்துப் போனை எடுத்தது.

"நோர்பெர்த்தோ, நாலாம் கல்லாவுக்கு வாங்க. நோர்பெர்த்தோ, பட்டை ஒரு பாக்கெட்."

கடை முழுக்கக் கேட்டது. இறைச்சிப் பகுதியில் கத்திச் சத்தம் நின்றது. டால் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். டெல்மி போனைப் பார்த்தார், எதிரே நின்ற கிராசியெலாவைப் பார்த்தார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மறுபடியும் வாயருகே கொண்டுபோய், ஏழாம் வரிசையில் தரை ஈரம் என்று அறிவிக்கிற அதே குரலில் பேசினார்.

"நோர்பெர்த்தோ கிந்தானா இங்க வேலை பாத்தாரு. இதே நாலாம் கல்லாவுல. இங்கதான் அவருக்கு வந்துச்சு. டிசம்பர்ல செத்துட்டாரு."

அன்றைக்கு எனக்குச் சொல்லிக் காட்டிய அந்த நாலே வாக்கியம்தான். போனை மாட்டினார். டால் அறைக்குத் திரும்பினார். வரிசையில் நின்றவர்கள் நகரவில்லை. நான் பட்டை தேடி ஓடினேன். மசாலா அலமாரியை எப்போதோ துடைத்து எடுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

கிராசியெலா தன் சாமான்களைத் தானே பையில் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்ந்ததெல்லாம் ஒரு பை. டெல்மி முட்டை அட்டையைக் கையிலேயே வைத்திருந்து, எல்லாம் போட்டு முடிந்த பிறகு கொடுத்தார். கிராசியெலா அதை மேலே வைத்தார். அப்போதுதான் டெல்மியின் முகக்கவசம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். எடுத்துத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அடுத்து நின்றவர் தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார். டெல்மி அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பில் போட்டார்.