சக்கரத்தடியில் போன எலுமிச்சம்பழம்

அது எழுபதுகளின் கடைசி. சூரியநெல்லி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் ஒழுங்காக முடித்தால்தான் வேலை நிரந்தரம். எனக்கு முன்னால் இருந்தவளுக்கு, நோயாளியோடு ஜீப்பில் மலையிறங்கினால் தலைசுற்றும். அந்த ஒரு குறைக்காக மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கும் கொண்டை ஊசி வளைவு ஆகாது. வாந்திதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போது மேனேஜரின் விருந்தாளியாக ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். எண்பது வயது. இரண்டு உலகப் போரிலும் கடற்படை அதிகாரியாக இருந்தவர். ரத்த அழுத்தம் கூடிப் படுத்துவிட்டார். தேறியதும் அவரைப் போடியில் ரயிலேற்றிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முகர்ந்துகொண்டே போகலாமென்று இரண்டு எலுமிச்சம்பழத்தை ஜீப் ஸீட்டில் வைத்தேன். மாத்திரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பழத்தைக் காணோம். வண்டி நகர்ந்ததும் சக்கரத்தடியில் சதக்கென்று சத்தம் கேட்டது.

"வயசானவர ஏத்திக்கிட்டு மலை இறங்குறோம். சக்கரத்துக்கு வைக்கத்தான் கொண்டாந்தீங்கன்னு நெனச்சேன், சிஸ்டர்," என்றார் டிரைவர் அண்ணன். புண்ணியவான், நன்றாக இருக்கட்டும்.

போடிமெட்டு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. பேச்சுக் கொடுத்தால் குமட்டலை மறக்கலாமென்று பெரியவரிடம் கப்பல் கதை கேட்டேன். நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். பதினெட்டு வயதில் சேர்ந்தாராம். முதல் போரில் சின்னப் போர்ப்படகு. தோற்றதும் கப்பலும் இல்லை, வேலையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுபடி போர் வந்தது, மறுபடி கூப்பிட்டார்கள். கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பலுக்கு அவர்தான் தலைவர். கடைசியில் இரண்டு வருஷம் போர்க் கைதியாகச் சிறை. "இரண்டாம் முறை நாங்கள் தோற்றதுதான் நல்லது," என்றார். அடுத்த வளைவில் முகம் வெளுத்து, வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அவர் ஒரு பக்கம் இறங்கிக் குனிந்தார். நான் மறு பக்கம். இரண்டு உலகப் போரைப் பார்த்தவரும், மதுரையைத் தாண்டி எதையும் பார்க்காத நானும், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தோம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கப்பல் கிளம்பும் ஒவ்வொரு முறையும் முதல் நாள் இப்படித்தானாம். மாலுமிகளுக்குத் தெரியாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாராம். நானும் அழுதபடி என் ஆறு மாதக் கதையைச் சொல்லிவிட்டேன்.

ரயிலேறும் முன் மேனேஜருக்கு நாலு வரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். வழியில் உடம்புக்கு முடியாமல் போனது தனக்கு மட்டும்தான் என்றும், சிஸ்டர் கூட இருந்ததால் சமாளித்ததாகவும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் டிரைவர் அண்ணன் மேனேஜரிடம் எதையும் ஒளிக்காதவர். நடந்ததை முழுக்கப் பார்த்தவரும், நான் சொன்னதைக் கேட்டவரும் அவர்தான்.

திரும்பும் வழியில், போடிக் கடைத்தெருவில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். வரும்போது கையில் நாலு எலுமிச்சம்பழம். இரண்டைச் சக்கரத்தடியில் வைத்தார். மீதி இரண்டை என் மடியில் போட்டார்.

"மெதுவாவே மலை ஏத்துறேன், சிஸ்டர்," என்றார்.