எட்டு மாதம் என் மகளுக்கு நான் பெரியப்பா

மெரினா மணலில் கப்பல் வந்து தரைதட்டி நின்றதே, சனமெல்லாம் சுண்டல் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்ததே, அந்தப் புயல் அடித்த மறு வருஷம் நடந்தது இது. அந்தக் கப்பலை நானும் போய்ப் பார்த்தேன். என் மனைவி ரோசாலியும் வந்தாள். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். மறு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கும்போது அவளை டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

பிரியமானவர்களே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கிழவன் சுற்றிவளைத்துத்தான் வருவேன். ஆனால் வந்து சேர்ந்துவிடுவேன்.

என் பேர் லாசர். ராயபுரத்தில்தான் பிறந்தேன். எனக்கு மூத்தவன் இன்னாசி. அவன் ஹார்பரில் ஒரு காண்டிராக்டரிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பம்பாய்க்குப் போகிறேன் என்று போனவன் திரும்பி வரவே இல்லை. ஹார்பருக்குள் விடுகிற அவன் கேட் அட்டை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் கிடந்தது. மேஸ்திரி தேடிக்கொண்டு வந்தார்.

"டேய் லாசரு, அட்டை சும்மாதானே கெடக்குது? எட்துகினு வா. மூட்டைக்கு இன்னாசியும் ஒண்ணு, லாசரும் ஒண்ணு."

எங்கள் பக்கத்தில் அப்போது இது சகஜம். அண்ணன் அட்டையில் தம்பி வேலை செய்வான், மாமன் அட்டையில் மச்சான் செய்வான். அட்டையில் போட்டோ கிடையாது. பேரும் நம்பரும் மட்டும்தான். கேட்டுக்கு உள்ளே நான் இன்னாசி, வெளியே லாசர். பல வருஷம் அப்படியே ஓடியது. அதைப் பாவமென்று நான் நினைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அது கோதுமைக் கப்பல் வந்துகொண்டிருந்த காலம். அரிசிக்குத் திண்டாட்டம். மூட்டையிலிருந்து சிந்துகிற கோதுமை ரயில் வேகனுக்கு அடியில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளப் பிள்ளைகள் போவார்கள். என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினொரு வயது, மகன் பீட்டருக்கு ஏழு. அம்மா ஆஸ்பத்திரியில், அப்பன் ஷிப்டில். இருவரும் துடைப்பத்தோடு வேகனுக்கு அடியில் இருந்தபோது ரயில்வே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடிக்கவில்லை, பிள்ளைகள் கோர்ட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தாய் குணமாகி வரும்வரை இல்லத்தில் இருக்கட்டும் என்று உத்தரவானது. அதில் எனக்குக் குறையில்லை. வேகன் நகர்ந்திருந்தால் என் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

தப்பு நடந்தது எழுதுகிற இடத்தில். பெண் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, பையன்களுக்கு ஒரு மேசை, இரண்டு குமாஸ்தா. ஸ்டெல்லாவின் காகிதத்தைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். அப்பா பேர் லாசர் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பீட்டர் அழுதுகொண்டே இருந்ததால் அவன் காகிதம் தங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அடையாளம் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருந்தது அந்த அட்டைதான். நீட்டினேன். பையனுக்கு அப்பா இன்னாசி என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பையனை வியாசர்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லத்தில் விட்டார்கள். பெண்ணை ஊரின் தெற்குக் கோடியில் விட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். பெற்றோர் பார்க்கிற நாள் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. இரண்டு இல்லத்திலும் அதே ஞாயிறு, அதே நேரம்! எவர் புத்தியில் உதித்ததோ தெரியவில்லை. நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று பையன் இல்லத்தின் கேட்காரரிடம் கெஞ்சினேன். அவரும் நம்மைப் போல வேதக்காரர்தான். சிரித்தார்.

"இன்னா நைனா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்கறதுக்கு நீ இன்னா அந்தோணியாரா? ஒரு மாசம் இங்க வா, ஒரு மாசம் அங்க போ."

"அப்போ பசங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தபாதானே என்னெப் பாக்கும்?"

"அதுகூட இல்லாத புள்ளைங்க உள்ளே எவ்ளோ கீது தெரியுமா? போ நைனா, பேஜாரு பண்ணாதே."

முதல் தடவை பெண்ணைப் பார்க்கப் போனேன். அங்கே இருந்த வார்டன் அம்மா அட்டையை வாங்கிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். "பொண்ணோட அப்பா பேரு லாசர். இதுல இன்னாசின்னு இருக்கு. நீ யாருப்பா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அட்டை போனால் வேலை போய்விடும், ரோசாலிக்குப் பாலும் முட்டையும் யார் கொடுப்பார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் தானாகச் சொன்னது: "பெரியப்பாம்மா."

சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். ஸ்டெல்லா ஓடி வந்தாள். அவள் காதில் மெதுவாகச் சொன்னேன். "இங்க என்னெப் பெரியப்பான்னு கூப்புடணும்மா. இல்லேன்னா உள்ள வுடமாட்டாங்க." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்தப் பக்கம் ரோசாலி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "ரெண்டு பேரையும் சேத்து ஒரு தபா காட்டுயா. தனித்தனியா வாணாம். ஒண்ணா நிக்கறதப் பாக்கணும்." அவள் எடை இறங்கிக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஒருத்தி அந்த ஆடி மாதம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ரோசாலி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமானால் தகப்பன் மனு கொடுக்க வேண்டுமாம். பையனுக்குக் கொடுத்தேன். பெண்ணுக்குப் பெரியப்பன் கொடுக்க முடியாது என்றார்கள். லாசரைக் கூட்டி வா என்றார்கள். பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் இல்லத்துக்குப் போ என்பார்கள். இல்லத்தில் ஆபீசர் அம்மாவைப் பார் என்பார்கள். ஆபீசர் அம்மா என்றால் பிள்ளைகளின் குடும்பத்தை விசாரித்துக் கோர்ட்டுக்குச் சொல்கிறவர். அவர் எப்போதும் வெளியே போயிருப்பார். அந்த அரைநாள் கூலியும் போகும். எத்தனை பெஞ்சு, எத்தனை ஜன்னல்! மனுவை யாரோ எழுதிக் கொடுப்பார்கள், யாரோ வாங்கி வைப்பார்கள், அடுத்த தடவை போனால் காணோம் என்பார்கள். எரிச்சலில் ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பியூன் என்னைத் தள்ளி வெளியே விட்டான்.

கோயிலில் அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் தொடங்கினேன். ஷிப்ட் முடிந்து கோதுமைத் தூசியோடே போய் நிற்பேன். மற்றவர்களெல்லாம் பக்தியாகச் செபம் செய்வார்கள். நான் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒளிக்கவில்லை. "தொலஞ்சது எல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கறீரு. ஒரு காயிதத்துல பேரை மாத்த முடியாதா? காயிதமும் மாறணும், அட்டையும் போவக் கூடாது." இதுதான் என் செபம். எட்டுச் செவ்வாய் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது செவ்வாய் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு வந்தது. மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டு, "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே இரண்டாம் ஞாயிறு. அந்த மாதம் பெண்ணின் முறை. வார்டன் அம்மா என்னை உட்காரச் சொன்னார். "பெரியவரே, உங்க தம்பி லாசர் எட்டு மாசமா எட்டிக்கூடப் பாக்கல. என்ன மனுஷன் அவன்? பெத்தவன் இருக்கானா செத்தானான்னு தெரியல. இந்தப் பிள்ளையை அடுத்த மாசம் தெற்கே வேற ஊர்ல இருக்கிற இல்லத்துக்கு அனுப்பப் போறோம். அங்க போயிட்டா வருஷத்துக்கு ஒரு தடவைதான் நீங்க பார்க்க முடியும்."

என்னைத்தான் திட்டுகிறார், என் முகத்துக்கு நேரே. நான் தலையாட்டுகிறேன். "ஆமாம்மா, அவன் சரியில்லாதவன்" என்றுகூடச் சொன்னேன்.

ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றிருந்தாள். பேனுக்காகத் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அழவில்லை. வார்டன் அம்மாவுக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்.

"பெரியப்பா, எங்கப்பாவ எங்கனா பாத்தா சொல்லு. நான் ஊரை வுட்டுப் போறதுக்குள்ள வரச் சொல்லு. எங்கம்மாவப் பாக்கணும்."

பிரியமானவர்களே, சிலர் தரிசனம் கண்டேன், குரல் கேட்டேன் என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்கு வந்த குரல் அதுதான். ஒன்பது செவ்வாய் நான் கேட்டதற்கு ஆண்டவர் என் மகள் வாயில் பதில் வைத்தார். நான் கேட்ட பதில் அது இல்லை. ஆனால் அது பதில்தான். நாலு மணி மணியடிக்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போய் உபதேசியாரிடம் இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு கேட்டேன். அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டினார். "ஸ்டெல்லா, தகப்பன் லாசர், தாய் ரோசாலி. பீட்டர், தகப்பன் லாசர், தாய் ரோசாலி. இதுல இன்னாடா சந்தேகம் உனக்கு?" என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதமும் நான் செபித்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், அலமாரிக்குள் இருந்திருக்கிறது. யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலமாரியை உதைத்திருப்பேன்.

அன்றைக்கு ஆபீசர் அம்மா இருந்தார். சின்ன வயது. மேசை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, அண்ணன், பெரியப்பா, எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த லாசரைத் தேடி உங்க தெருவுக்கே நான் ரெண்டு தடவை வந்தேன். யாரைக் கேட்டாலும் வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னாங்க. எந்த வேலைன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல. எனக்கு எவ்வளவு அலைச்சல் தெரியுமா?"

தெருவே என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. "தப்புத்தாம்மா" என்றேன்.

"பையன் ஃபைல்ல உங்க அட்டை நம்பர் இருக்கு. திருத்தணும்னா காரணம் எழுதணும். அட்டை போயிடும். பரவாயில்லையா?"

"போவட்டும்மா. நான் அப்பன்னு எழுதும்மா."

ஸ்டெல்லாவை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆபீசர் அம்மா அப்போதே இல்லத்துக்கு எழுதினார். அன்று சாயந்திரமே அட்டையை மேஸ்திரியிடம் கொடுத்தேன். "மெண்டலாடா நீ? இதுக்குப் பத்து பேரு நிக்கறான்" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ஆறு வாரம் வேலை இல்லை. ரோசாலிக்கு உபதேசியார் வீட்டிலிருந்து பால் போனது. பிறகு காசிமேட்டில் ஐஸ் பாளம் இழுக்கிற வேலை, என் சொந்தப் பேரில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமனக் காலத்தில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் சந்திக்க உத்தரவு வந்தது. அதுவும் லேசில் நடக்கவில்லை. பையன் நேரத்துக்கு வந்துவிட்டான். பெண்ணைக் காணோம். உத்தரவு நகல் வரவில்லை என்று அங்கே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டரை ஆனது. பையனைக் கூட்டிவந்த காவலர் கிளம்புகிறேன் என்கிறார். நான் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாத்தே, கொஞ்சம் நில்லு அண்ணாத்தே." ரோசாலி பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்போது ஒரு ஆயாவும் நீலக் கவுனில் மொட்டைத்தலைப் பிள்ளை ஒன்றும் கேட்டில் நுழைந்தார்கள்.

பீட்டர் கேட்டான். "நைனா, இது யாரு?"

ஒன்பது மாதத்தில் அக்காளை அடையாளம் தெரியவில்லை. ஸ்டெல்லா வந்து அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "நான்தான்டா, கம்மனாட்டி." அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கவுனைப் பிடித்துக்கொண்டவன் விடவே இல்லை.

நோய் ஒட்டும் என்று பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்தினார்கள். கொடுத்தது இருபது நிமிஷம். ரோசாலி முதலில் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பீட்டரு, நகம் வெட்றது இல்லியாடா?" என்றாள். "ஸ்டெல்லா, பல்லு வுழுந்த எடத்துல மொளச்சிடுச்சா? ஆ காட்டு." அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஆயா கடிகாரத்தைப் பார்த்தார். புறப்படும்போது ஸ்டெல்லா என் பக்கம் திரும்பி, அந்த ஆயாவுக்கு முன்னாலேயே, "வரேன்ப்பா" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து ரோசாலி கஞ்சியை மிச்சம் வைக்கவில்லை. டாக்டர் மருந்து வேலை செய்கிறது என்றார். நான் மருந்தையும் மறுக்கவில்லை, ஆண்டவரையும் மறுக்கவில்லை. மறு வருஷம் மாதா திருநாளுக்கு முன்னால் அவள் வீடு வந்தாள். பிள்ளைகளைத் திரும்ப வாங்க இன்னும் ஏழு மாதம் அலைந்தேன். அதற்கும் ஜன்னல், பெஞ்சு, வா, போ எல்லாம் இருந்தது. அற்புதம் நடந்த பிறகும் ஆபீஸ் ஆபீஸாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காகிதத்திலும் ஒரே பேர் இருந்ததால் யாராலும் என்னைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

அதன் பிறகு கால் நடமாடியவரை, இரண்டாம் ஞாயிறு என்றால் நான் பீட்டர் இருந்த இல்லத்து கேட்டுக்கு வெளியே நிற்பேன். என்னைப் போல இரண்டு பிள்ளைகளை இரண்டு இடத்தில் விட்டவர்கள் வருவார்கள். அந்த மாதம் பையனைப் பார்க்க வந்தவரிடம், தெற்கே பெண்ணைப் பார்க்கப் போனவரின் பையன் பேரையும் சொல்லி, அவனையும் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு வரச் சொல்வேன். மாதாமாதம் ஒரு பிள்ளைகூட "எனக்கு யாரும் வரல" என்று இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டோம். நேரத்தை மாற்றச் சொல்லி எத்தனையோ மனு கொடுத்தோம். கடைசியில் ஒரு இல்லம் மட்டும் மூன்றாம் ஞாயிறு என்று மாற்றியது. அதற்கே எங்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது. என் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்தக் கோபத்தோடேதான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆண்டவர் அதையும் வாங்கிக்கொள்கிறார்.

ஒன்று கேட்கிறேன். பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு, வெட்கத்தில் கோயில் பக்கமே வராத குடும்பம் உங்கள் தெருவில் ஒன்றாவது இருக்கும். அவர்கள் இந்தச் சாட்சியைக் கேட்க இங்கே வரமாட்டார்கள். நீங்கள் அவர்கள் வாசலுக்குப் போங்கள். லாசர் என்று ஒரு ஆள் பயந்து தன் பேரை மறைத்து, எட்டு மாதம் சொந்த மகளுக்கு அந்நியனாக நின்றான், உள்ளதைச் சொன்ன அன்றைக்கு ஆண்டவர் வழி திறந்தார் என்று சொல்லுங்கள். பயப்படாமல் தங்கள் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கூடவே ஒருவர் போய் நில்லுங்கள்.